பித்தளை ஆணி

அந்தத் துப்பாக்கியை என் தம்பி தோளில் முதன்முதலாகப் பார்த்தபோது, "இது சுடுமா, இல்ல மாங்கா அடிக்கிறதுக்கா?" என்றுதான் கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சிவஞானம் சிரித்தான். இரட்டைக் குழல், துருவும் எண்ணெயும் சேர்ந்து பழுப்பேறிய இரும்பு, கட்டையில் எவனோ ஒரு வெள்ளைக்காரனுடைய பெயரின் முதல் எழுத்துகள். ஜெயில் காலத்து அதிகாரியிடமிருந்து ஒரு மரக் கான்ட்ராக்டர் கைக்கு வந்தது அது. கான்ட்ராக்டர் மெயின்லேண்டுக்குத் திரும்பியபோது லைசென்ஸை மாற்றி என் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாங்கள் அப்போது மாயாபந்தரில் இருந்தோம். என் வீட்டுக்காரர் கோவிந்தராஜ் சர்க்கார் படகுப் பட்டறையில் ஃபிட்டர். ஜெட்டிக்கு மேலே மேட்டில் தகரக் கூரை போட்ட குவார்ட்டர்ஸ் எங்களுக்கு. தம்பி எங்களை நம்பி மரம் அறுக்க வந்தவன். ஐம்பத்தொன்பதில், கடல்தண்ணீர் ஏறி வற்றும் க்ரீக்குக்கு அந்தப் பக்கம், வங்காளிக் குடியேறிகளுக்கு நடுவில் அவனுக்கும் ஐந்து ஏக்கர் கிடைத்தது. காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி நெல் போட்டான். முதல் வருஷம் மழை தின்றது. இரண்டாம் வருஷம் மான் தின்றது.

சிரிக்காதீர்கள். இந்தத் தீவில் மான்தான் விவசாயிக்கு எமன். "வெள்ளைக்காரன் வேட்டையாட ஆசைப்பட்டு மானைக் கொண்டாந்து விட்டான், புலியைக் கொண்டார மறந்துட்டான்" என்பார் என் வீட்டுக்காரர். கதிர் பால் கட்டும் நேரத்தில் சாயங்காலமானால் காட்டோரத்தில் முப்பது நாற்பது புள்ளிமான்கள் வந்து நிற்கும். தகர டப்பா தட்டினால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும். துப்பாக்கிச் சத்தத்துக்குத்தான் ஓடும். அதனால் சிவஞானத்துக்கு அந்தப் பழைய பந்தூக் வெறும் இரும்பு இல்லை. அறுபத்தொன்றில் அவன் மனைவி அலமு ஆறு மாதக் கர்ப்பிணி. இந்த வருஷமும் நெல் போனால் நிலத்தை விட்டுவிட்டுக் கப்பலேற வேண்டியதுதான் என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள்.

அந்த ஐப்பசியில்தான் துப்பாக்கி ஆட ஆரம்பித்தது. பிடித்துக் குலுக்கினால் கடகடவென்றது. தம்பி அதைச் சாக்கில் சுற்றி எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டான்.

அது நடுவில் மடங்கும் சாதி. குழலுக்குக் கீழே ஒரு கைப்பிடி படுத்திருக்கும். அதைப் பக்கவாட்டில் தள்ளினால் குழல் மூக்கைக் கீழே சாய்த்து, பின்பக்கம் வாயைத் திறக்கும். தோட்டாவை வைத்து, குழலைத் தூக்கி, கைப்பிடியைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். அதற்கு முன்னால் எல்லாம் குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டிக் குச்சியால் இடிக்க வேண்டும், நனைந்தால் போச்சு. அதைப் பார்க்க இது பெரிய புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தப் புத்தி உதித்த புதிதில் செய்தது இது. ஒவ்வொரு குழலின் பின் விளிம்பிலும் எறும்பு நுழைகிற அளவுக்கு ஒரு வெட்டு இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டாவின் முதுகில் ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருக்குமாம். துப்பாக்கிக் குதிரை அந்த ஊசித் தலையில் அடித்தால் உள்ளே நெருப்புப் பிடிக்கும். ஊசித் தோட்டா வருவது நின்ற பிறகு யாரோ புதுத் தோட்டா போடும்படி மாற்றியிருக்கிறார்கள். வெட்டு மட்டும் மிச்சம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மூன்று சாயங்காலம் அந்தக் குழலை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். குழலை இறுக்கிப் பிடிக்க வீட்டில் பிடிசிராவி கிடையாது. என் தொடைதான் பிடிசிராவி.

"வெடிக்கிறப்ப குண்டு மட்டும் போறதில்ல மரகதம்" என்றார் அவர். "குழல் முன்னாடி பிச்சுக்கிட்டுப் போகப் பாக்கும். குழலோட பின்வாயை அடைக்கிற பின்சுவரு பின்னாடி போகப் பாக்கும். ரெண்டையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது கீல்ல இருக்குற இந்த ஆணி ஒண்ணுதான்."

"அப்ப இந்தப் பூட்டு எதுக்கு? அழகுக்கா?"

"கதவுக்குத் தாப்பாள் எங்க வெப்பாங்க? கீலுக்கு எதிர்ப்பக்கம். இதைச் செஞ்ச மகராசன் கீலுக்குப் பக்கத்துலயே வெச்சுட்டான். காத்தடிச்சா கதவு என்ன ஆவும்?"

"ஆடும்."

"அவ்வளவுதான். இழுப்பெல்லாம் கீல் மேல. அதுவும் இது கறுப்பு மருந்துக்காகச் செஞ்சது. இப்ப வர்ற தோட்டாவுக்கு மூர்க்கம் ஜாஸ்தி."

பழைய ஆணியைத் தட்டி எடுத்தார். நடுவில் தேய்ந்து இடுப்புச் சிறுத்திருந்தது. அது உட்கார்ந்திருந்த துளையும் உருண்டை போய் முட்டையாகியிருந்தது. துளையைச் சுரண்டி மறுபடி உருண்டையாக்கினார். ஆக்கியதும் துளை பெரிதாகிவிட்டது. இனி அதற்கென்று தடித்த ஆணி ஒன்று வேண்டும். எஃகில் நேரே செய்தால் ஒரு மயிரிழை கூடக் குறைய ஆகிவிடும், செய்ததெல்லாம் வீண். அதனால் முதலில் பித்தளையில் ஒரு மாதிரி செய்தார். பித்தளை அரத்துக்கு வணங்கும். அதை விளக்குப் புகையில் காட்டிக் கரி ஏற்றி, கீலில் செருகி, துப்பாக்கியை மூடித் திறந்து, ஆணியை வெளியே எடுத்துப் பார்ப்பார். எங்கே கரி அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி. மறுபடி மூடு, திற. என் மடியெல்லாம் கரி.

மூன்றாம் நாள் விளக்கு ஏற்றுவதற்குள் ஆணி சரியாகிவிட்டது. "நல்லா கேளு" என்று குழலைத் தூக்கி மூடினார். டக். ஒரே சத்தம். அதுவரை அது மூடும்போது இரண்டு சத்தம் வரும், ஒன்று இரும்பு தொடுவது, இன்னொன்று உட்காருவது. சிகரெட் பாக்கெட்டிலிருந்து மெல்லிய தாளைக் கிழித்து, குழலுக்கும் பின்சுவருக்கும் நடுவில் வைத்து மூடினார். என்னை இழுக்கச் சொன்னார். இழுத்தேன், தாள் கிழிந்ததே தவிர வரவில்லை. குலுக்கினார், ஒரு சத்தம் இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"அளவு கெடச்சாச்சு. நாளைக்குப் பட்டறையில எஃகுல கடைஞ்சு பதம் வெச்சு எடுத்தாந்துடறேன். அதுவரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது. உள்ள இருக்குறது பித்தளை" என்றார்.

கேட்டேன். நன்றாகவே கேட்டேன். காதில் விழவில்லை என்று பொய் சொல்ல எனக்கு இப்போது வயதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தீவில் நிஜமான பாகம் என்று எதுவும் யாரிடமும் இருந்ததில்லை. எல்லாம் காம்சலாவ். வேலை ஓடுகிற அளவுக்கு ஒரு ஒட்டுப்போடல். மெயின்லேண்டிலிருந்து ஜஹாஜ் வரும், சாமான் வரும், அப்போது சரியாகச் செய்துகொள்ளலாம். அதுவரைக்கும் பம்புக்கு சைக்கிள் ட்யூப் வாஷர், படகுக்குத் தார்த்துணி, எங்கள் ஜன்னல் கீலுக்குத் தற்காலிகமாக இவர் வைத்த கம்பித் துண்டு. அந்தத் தற்காலிகத்துக்கு மூன்று வயசு. பட்டறையில் பாதிப் படகுகள் 'நாளைக்கு மாத்திடலாம்' என்ற ஆணியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. இவர் 'தொடாதே' என்று சொன்ன எதுவும் உடைந்து நான் பார்த்ததில்லை. தற்காலிகம் என்றால் நாலு வருஷம் தாங்கும் என்றுதான் இங்கே எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன்.

மறுநாள் மூன்றரை மணிக்கு சிவஞானம் வந்தான். வேட்டி முழங்கால் வரைக்கும் சேறு. கண் சிவந்து கிடந்தது.

"அக்கா, பந்தூக் எங்க? நேத்து சாயங்காலம் வந்துச்சுங்க பாரு, மேக்கால வயல் பூரா வழிச்சுட்டுப் போயிடுச்சு. இன்னும் பத்து நாள்ல அறுப்பு. இன்னிக்கு விட்டா வைக்கோல்கூட மிஞ்சாது."

"அத்தான் வர அஞ்சு மணி ஆவும்டா. செத்த உக்காரு."

"நாலு மணிக்கு மேல க்ரீக்குல தண்ணி வத்திடும். டிங்கிப் படகு போவாது. அப்புறம் காலையிலதான்."

அவசரத்தில் அண்டாவுக்குள்கூடக் கை நுழையாது என்பார்கள். ஆனால் அவன் அவசரக்காரன் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கியைப் பார்த்தான், எடுக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"அத்தான் முடிச்சுட்டாரா?"

நான் போய் எடுத்தேன். கைப்பிடியைத் தள்ளித் திறந்து மூடினேன். டக். ஒரே சத்தம். அடுப்பங்கரையிலிருந்து மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்து வந்து நடுவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். குலுக்கிப் பார்த்தேன். அவர் செய்தது அத்தனையும் செய்தேன். பெரிய ஃபிட்டர் நான்! அத்தனை சோதனையும் அளவைத்தான் சொல்லும், பலத்தைச் சொல்லாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நேரத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது துப்பாக்கியை இல்லை, அவன் காலில் காய்ந்த சேற்றை.

"முடிச்சுட்டாரு. எடுத்துட்டுப் போ" என்றேன்.

தம்பி சிரித்தான். "அத்தான் கைன்னா கைதான்" என்று சொல்லித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். அவன் கண்கள் என்னைப் பார்த்தது அதுதான் கடைசி.

நாலரைக்கெல்லாம் இவர் வந்துவிட்டார். என்றைக்கும் இல்லாமல் அன்றைக்குச் சீக்கிரம். பட்டறையில் சொல்லிவிட்டு ஓடி வந்தாராம். கையில் எண்ணெய்த் துணிப் பொட்டலம். பிரித்துக் காட்டினார். விரல் நீளத்தில், நீலம் பாரித்த எஃகு ஆணி. பதம் வைத்த தேங்காயெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை, தொட்டால் இளஞ்சூடு இருந்தது. "பாத்தியா, கண்ணாடி மாதிரி" என்று சொல்லிக்கொண்டே மூலையைப் பார்த்தார்.

"எங்க?"

"சிவஞானம் வந்தான். தண்ணி வத்திடும்னான். அதான்..."

அவர் ஆணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்புக்கூட இல்லாமல் மேட்டிலிருந்து இறங்கி ஓடினார். நான் வாசலில் நின்றேன். அப்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. என்ன இப்படி ஓடுகிறார், காப்பிகூடக் குடிக்காமல் என்று.

மிச்சத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். டிங்கி அந்தக் கரைக்குப் போய்விட்டது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அவர் சேற்றில் இறங்கிவிட்டார். தொடை வரைக்கும் புதைகிற சேறு, நடுவில் கத்தி மாதிரி சதுப்பு மரத்து வேர்கள். பாதி க்ரீக் தாண்டும்போது முதல் வெடிச் சத்தம் கேட்டது. அப்படியே நின்றுவிட்டாராம். தாங்கிவிட்டது என்று நினைத்தாராம். அந்தச் சேற்றில் நின்றபடி கையெடுத்துக் கும்பிட்டாராம். பித்தளை ஒரு வெடி தாங்கும். அதற்குள் வளைந்திருக்கும், ஆனால் தாங்கும்.

இரண்டாவது வெடிச் சத்தம் வேறு மாதிரி இருந்தது என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

ஆணி முறிந்து குழல் விலக, பின்பக்கத் திறப்பு வழியாக நெருப்பும் பித்தளைச் சில்லும் தம்பியின் முகத்தில் அடித்திருக்கிறது. பக்கத்து வயல் வங்காளிகள் கதவைக் கழற்றி அதில் போட்டுத் தூக்கி வந்தார்கள். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றினார்கள். கண் இரண்டும் போய்விட்டன. அந்த வருஷத்து நெல்லை ஊர்க்காரர்கள் சேர்ந்து அறுத்துக் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். முதல் வெடியில் விழுந்த மானை யாரும் தொடவில்லையாம்.

விசாரணைக்கு அதிகாரி எங்கள் வீட்டுக்கே வந்தார். இவர் வராந்தாவில் நின்றார். நான் கதவுக்குப் பின்னால்.

"துப்பாக்கியைக் கொடுத்தது யார்?"

"நான்தான் சார்."

"பித்தளை ஆணியோடவா?"

"மாத்திட்டதா நெனச்சுக் குடுத்துட்டேன் சார். என் தப்பு."

அதிகாரி நல்ல மனிதர். இருபது வருஷம் கை பழகிய ஃபிட்டர் இப்படிச் செய்வானா என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி எழுதிக்கொண்டார். நான் ஓரடி எடுத்து வைத்து வெளியே வந்தால் போதும். வாய் நீளம் என்று சொன்னேனே, அந்த வாய் அன்றைக்கு எங்கே போயிற்று? புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆஸ்பத்திரியில் போய்த் தம்பியைக் கேட்டபோது அவனும் அதையே சொன்னான் என்று பிறகு தெரிந்தது. அத்தான்தான் கொடுத்தார். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே பேசி வைத்த மாதிரி.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியில் கை வைத்ததற்கு வேலை போயிற்று. குவார்ட்டர்ஸ் போயிற்று. ஜெட்டிக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் தனியார் படகு எஞ்சின்களை ரிப்பேர் செய்து எங்கள் பிழைப்பை ஓட்டினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால், ஓர் அடி அடித்திருந்தால், எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி ஏதோ பேச்சில் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்றாள். குடத்தை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பழமொழியை அதன் பிறகு என்னால் கேட்க முடிந்ததில்லை.

பொங்கல் சீர் தம்பி அக்காவுக்குக் கொண்டுவருவது வழக்கம். எங்களுக்கு அது தலைகீழாயிற்று. ஒவ்வொரு மாட்டுப்பொங்கலன்றும் இவர் ஒரு பையில் வெல்லம், கரும்பு, அவனுக்குப் பிறந்த பெண்ணுக்கு ஒரு கவுன் என்று எடுத்துக்கொண்டு க்ரீக்கைத் தாண்டிப் போவார். சாயங்காலம் பையோடு திரும்பி வருவார். அலமு வாசல்படி ஏற விடவில்லை என்பார். குடிக்கத் தண்ணீர் கேட்டேன், கொடுக்கவில்லை என்பார். அதைக் குறையாகச் சொல்ல மாட்டார், வழியில் மழை பெய்தது என்பது மாதிரி சொல்வார்.

"என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு!" என்று நான் பொரிவேன். பொரிய எனக்கு என்ன யோக்கியதை? அவளுடைய கோபம் எனக்கு வசதியாக இருந்தது. அவள் விடமாட்டாள், அதனால்தான் நான் போகவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம். திரும்பி வந்த வெல்லத்தில் மறுநாள் நான் பாயசம் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் நான்.

அறுபத்திரண்டிலிருந்து எழுபத்திரண்டு வரைக்கும் பதினொரு பொங்கல் போனார். அந்த மார்கழியில் நெஞ்சு வலி என்று போர்ட் பிளேருக்குக் கூட்டிப்போனேன். பத்துபஸ்தியில் தெரிந்தவர் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். ஒரு வாரம் இருந்தார். கடைசிக்கு முந்தின நாள் சட்டைப் பையைக் காட்டினார். உள்ளே அதே எண்ணெய்த் துணிப் பொட்டலம். பதினொரு வருஷமாகத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார், ஒரு பொட்டுத் துரு இல்லை.

"பொங்கலுக்கு நான் போவ முடியாது. நீ கொண்டுபோய்க் குடு. அளவு சரியா இருக்கும்" என்றார்.

அங்கேயே எரித்தோம். ஜஹாஜ் கிடைத்து நான் மாயாபந்தர் வந்து சேர்ந்தது போகிக்கு முந்தின நாள். தம்பி வீட்டுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. எந்த முகத்தோடு சொல்லி அனுப்புவது? தாலி இறங்கி ஒரு மாதம் ஆகாதவள் பொங்கலுக்கு இன்னொருவர் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. தெரியும். மிதித்தேன். மாட்டுப்பொங்கலன்று, அவர் போகிற அதே நேரத்தில், அவர் பையை எடுத்துக்கொண்டு டிங்கியில் ஏறினேன்.

வாசலில் கோலம். அலமு மாட்டுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் தோளுக்குப் பின்னால் வழியைப் பார்த்தாள்.

"அண்ணன் வரலியா?" என்றாள்.

அவள் கண் மெல்லத் திரும்பி வந்து என் நெற்றியில் நின்றது. கழுத்துக்கு இறங்கியது. மஞ்சள் கிண்ணம் கையிலிருந்து விழுந்தது.

"எப்ப?"

"மார்கழி பதினெட்டு."

அவள் அப்படியே மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் வந்த வேலையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் ஓடிப்போய்விடுவேன் என்று தோன்றியது. "அலமு, அன்னிக்கு அவர் குடுக்கல. அவர் வீட்டுலயே இல்ல. நான்தான் முடிச்சுட்டாருன்னு பொய் சொல்லி எடுத்துக் குடுத்தேன்" என்றேன். பதினொரு வருஷம் தொண்டையில் நின்றது, சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தெரியும் அண்ணி" என்றாள்.

"தெரியுமா?"

"ஆஸ்பத்திரியிலயே உங்க தம்பி எங்கிட்ட சொல்லிட்டாரு. வேற யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"பின்ன எதுக்குடி அந்த மனுஷனை வாசல்லயே நிறுத்துன? பதினோரு வருஷம் ஒரு வாய்த் தண்ணி குடுக்கலியேடி!"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. என் ஆத்திரத்துக்கு வெட்கமே கிடையாது. அலமு அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"வருஷா வருஷம் வந்து, 'நான்தாம்மா செஞ்சேன், மன்னிச்சுடு'ம்பாரு. நான் தண்ணி குடுத்திருந்தா அதோட முடிஞ்சிருக்கும் அண்ணி. அவரு குடிச்சுட்டுப் போயிருப்பாரு. நீங்க வராமயே இருந்திருப்பீங்க. வரவேண்டியவங்க வரட்டும்னுதான் குடுக்கல. நாக்கு வறண்டு திரும்பிப் போறவரைப் பாத்தாவது உங்களுக்கு மனசு எளகாதான்னு பாத்தேன்." அவள் பார்வை வாசல்படிக்குப் போனது. "அவரு போயிடுவாருன்னு நான் நெனைக்கலியே. என் கையால ஒரு வாய் தண்ணி குடுக்கலியே அண்ணி."

நாங்கள் இரண்டு பேரும் அந்த மாட்டின் இரண்டு பக்கமும் நின்றோம். ஒருத்தியை ஒருத்தி தொடவில்லை.

"உள்ள போங்க" என்றாள் பிறகு. "ஒவ்வொரு மாட்டுப்பொங்கலுக்கும் காலையிலயே குளிச்சு, சட்டை போட்டுக்கிட்டு உக்காந்துடுவாரு. எதுக்குன்னு கேட்டா, அக்கா வரும்னுவாரு."

உள்ளே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான். தலை முன்பக்கம் நரைத்திருந்தது. என் தம்பிக்கு நரை விழுந்ததுகூட எனக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடியாது என்று எதற்குப் பதினொரு வருஷம் பயந்தேனோ, அதைப் பார்த்தேன்.

வாசலில் பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். கன்னம் ஈரமாக இருந்தது. "அக்கா" என்று கையை நீட்டினான். பொட்டலத்தைப் பிரித்து ஆணியை அந்தக் கையில் வைத்தேன்.

விரலால் உருட்டினான். முனையைத் தடவினான். நகத்தால் நெடுக்கக் கீறிப் பார்த்தான்.

"அத்தான் கை. எஃகு." கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டே இருந்தான். "இது எப்ப செஞ்சது?"

பிறகு செய்தது என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் முடிந்த பிறகு, துக்கத்தில் செய்து வைத்தார் என்று. அவன் நம்பியிருப்பான். முன்பு நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறான்.

"அன்னிக்குத்தான். நாலரை மணிக்கு வீட்டுக்கு எடுத்தாந்துட்டாரு. சூடுகூட ஆறல."

"நான் எத்தனை மணிக்குக் கெளம்பினேன்?"

"நாலு இருக்கும்."

அவன் உருட்டுவது நின்றது. ஆணியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான்.

"அரை மணி நேரம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவன் வேறு ஏதாவது சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

கொஞ்சம் கழித்து வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "அலமு, அக்கா அவ்வளவு தூரம் வந்திருக்கு. தண்ணி குடு" என்றான்.

அலமு அலுமினிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள். அவர் பதினொரு பொங்கல் அந்த வாசலில் நின்று கேட்ட தண்ணீரை நான் வாங்கிக் குடித்தேன்.